கியூப் சிக்குதா? எண்ணெய் பாட்டிலைத் தள்ளி வைங்க, முதல்ல சோப்பை எடுங்க

(பேசினதை வாசிக்க வசதியா சுருக்கித் திருத்தியிருக்கோம். கியூபை மைக் பக்கத்துல வச்சு "இந்தச் சத்தத்தைக் கேளுங்க"ன்னு சொன்ன இடங்களை மட்டும் வெட்டிட்டோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அக்கா, கியூப் சிக்குது, எந்த லூப் வாங்கலாம்?" லூப்னா லூப்ரிகன்ட், உள்ள வழவழப்புக்குப் போடுறது. கேட்டவங்க யாருன்னு பாத்தா ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். அதாவது எல்லாரும் நம்ம கடலோர ஆளுங்க. அந்த ஊர்ப் பேர்லயே பாதி பதில் இருக்கு.

என் பதில் கொஞ்சம் ஏமாத்தமா இருக்கும். எதுவும் வாங்காதீங்க. இந்தப் பக்கத்துல சிக்குற கியூப்ல பெரும்பாலானதுக்கு எண்ணெய் பத்தாம போகல, அழுக்கு ஜாஸ்தியாயிடுச்சு. அழுக்கு மேல எண்ணெயை ஊத்தினா ரெண்டு நாள் நல்லா ஓடும். மூணாவது நாள் முன்னாடியை விட மோசமாகும். கையில ஒரே ஒரு நல்ல கியூப், அதுவும் அப்பா அம்மாகிட்ட மாசக்கணக்குல கேட்டு வாங்கினது, அப்படிங்கிற பசங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. அதான் முழு எபிசோடும் இதுக்கே.

முதல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். 1974-ல புடாபெஸ்ட்ல எர்னோ ரூபிக் செஞ்ச முதல் கியூப்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் அடிப்படை ஒண்ணுதான். நடுவுல ஒரு கோர். அதுல ஆறு பக்கமும் ஆறு சென்டர், ஒவ்வொண்ணும் ஒரு ஸ்க்ரூ, ஒரு ஸ்பிரிங் வச்சு மாட்டியிருக்கும். மத்த 12 எட்ஜும் 8 கார்னரும் எதோடயும் ஒட்டியிருக்காது. ஒண்ணோட காலை இன்னொண்ணு பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்குது, அவ்வளவுதான். நீங்க ஒரு பக்கத்தைத் திருப்பும்போது பிளாஸ்டிக் மேல பிளாஸ்டிக் உரசிக்கிட்டு வழுக்குது. இப்போ வர்ற கியூப்ல பக்கம் சரியா வந்து உக்காரணும்னு குட்டிக் குட்டி காந்தமும் வச்சிருக்காங்க. ஆக ஒரு கியூப்ல ரெண்டு உலகம் இருக்கு: உரசுற பிளாஸ்டிக், துருப்பிடிக்கிற உலோகம். ரெண்டுக்கும் எதிரி வேற வேற.

பிளாஸ்டிக்கோட எதிரி தூசி. அதுல கொஞ்சம் கியூபே உண்டாக்குறது. புது கியூபை ஒரு மாசம் நல்லா ஓட்டிட்டுப் பிரிச்சுப் பாருங்க, உள்ள வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கும். அது துண்டுங்க ஒண்ணை ஒண்ணு தேய்ச்ச பொடி. அதுக்கு மேல கை வேர்வை, தோல் எண்ணெய். அதுக்கும் மேல எண்ணூர் நெடுஞ்சாலையில வரிசை கட்டி நிக்குற கன்டெய்னர் லாரி கிளப்புற புழுதி. எங்க வீட்டு ஜன்னல் கம்பியை விரலால தடவினா கருப்பா வரும். வடசென்னையில இருக்கிறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்ல.

இதெல்லாம் சென்னையில வேற இடத்துலயும் ஓரளவு இருக்கு. நம்ம பக்கம் கூடுதலா இருக்கிறது உப்பு. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காத்துல ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டிட்டா, அது காத்துல இருக்கிற தண்ணியை இழுத்துத் தானே கரைய ஆரம்பிச்சிடும். மழைக்காலத்துல சமையலறை உப்பு டப்பா கசகசன்னு ஆகுதே, அதேதான். கடல்காத்துல வர்ற உப்பு, வேர்வை உப்பு ரெண்டும் கியூப் உள்ள போய் அந்த வெள்ளைப் பொடியோட சேருது. காலையில ஈரமாகிப் பசையாகுது, மத்தியானம் காய்ஞ்சு மணல் மாதிரி ஆகுது. "அக்கா, காலையில ஒரு மாதிரி ஓடுது, சாயங்காலம் வேற மாதிரி ஓடுது"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தான். அவன் கற்பனை பண்ணல.

இங்க கேரம் பத்திப் பேசியே ஆகணும். ஏன்னா வழவழப்புங்கிறது வடசென்னைக்குப் புதுசு இல்ல. 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த உலகக் கோப்பை கேரம்ல 3 தங்கம் ஜெயிச்ச காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பொண்ணு. நம்ம தெருவுல கேரம் கிளப் இல்லாத இடம் எது? போர்டு மேல போரிக் பவுடரைத் தூவி ஸ்ட்ரைக்கரை ஓட விடுறதைப் பாத்தே வளந்தவங்க நாம. போரிக் பவுடர் நிஜமாவே ஒரு லூப்ரிகன்ட். அதோட படிகம் தாள் மேல தாள் அடுக்கின மாதிரி இருக்கும், அந்த அடுக்குங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். அதனால, "அதையே கியூப் உள்ள போட்டா என்ன?"ன்னு நாலு பேராவது கேட்டுட்டீங்க.

போடாதீங்க. கேரம் போர்டு திறந்தவெளி. பவுடர் ஜாஸ்தியானா ஒரு தட்டு தட்டிட்டு, துணியால துடைச்சிட்டுப் புதுசா தூவலாம். கியூப் மூடின பெட்டி. போனது வெளிய வராது. நம்ம ஈரக்காத்துல அது கட்டியாகி மூலையில அடையும். முகத்துக்குப் போடுற பவுடருக்கும் இதே பதில்தான்.

அடுத்து, வீட்டுல இருக்கிற எண்ணெய். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், மீன்பிடி போட்ல போடுற கிரீஸ், பைக் செயின் ஸ்பிரே, அப்புறம் எல்லா மெக்கானிக் கடையிலயும் இருக்கிற நீலமும் மஞ்சளுமான டபிள்யூடி-40 டப்பா. (அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியுமா? "வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், 40-வது முயற்சி". இரும்பு மேல இருந்து தண்ணியை விரட்டுறதுக்காக உருவாக்கினது.) இதுங்க எல்லாம் அததோட வேலையில கெட்டி. ஆனா கியூப் பெரும்பாலும் ஏபிஎஸ்ங்கிற பிளாஸ்டிக். பெட்ரோலியத்துல இருந்து வர்ற எண்ணெயும் கரைப்பானும் ஏபிஎஸ்ஸுக்கு ஆகாது. சமையல் எண்ணெயும் நல்லதில்ல. சும்மா கிடக்கிற ஏபிஎஸ் துண்டு மேல பட்டா உடனே ஒண்ணும் தெரியாது. ஆனா இழுவிசையில இருக்கிற இடத்துல, அதாவது ஸ்க்ரூ இறுக்கிப் பிடிச்சிருக்கிற கோர்ல பட்டா, நாளடைவுல முடி மாதிரி விரிசல் விடும். ஒரு நாள் கையில படக்குனு உடையும். நெயில் பாலிஷ் ரிமூவரும் பெயின்ட் தின்னரும் இன்னும் மோசம். அசிட்டோன் ஏபிஎஸ்ஸை அப்படியே கரைச்சிடும்.

"பழைய காலத்துல வாசலின் போட்டாங்களாமே"ன்னு ஒருத்தர். உண்மைதான். 1981 மார்ச்ல மியூனிக்ல நடந்த போட்டியில எல்லா கியூபுக்கும் பெட்ரோலியம் ஜெல்லி தடவித்தான் குடுத்தாங்க. ஜெயிச்ச நேரம் 38 செகண்ட். அடுத்த வருஷம் புடாபெஸ்ட்ல நடந்த முதல் உலகப் போட்டியில மின் தாய் 22.95 செகண்ட்ல ஜெயிச்சார். 2023-ல மேக்ஸ் பார்க் 3.13 செகண்ட்ல முடிச்சார். இடையில விரலும் மாறுச்சு, முறையும் மாறுச்சு, கியூபும் மாறுச்சு. வாசலினை அந்தக் காலத்தோட விட்டுடலாம்.

இந்த எண்ணெய் பயம் எனக்குப் புத்தகத்துல வந்ததில்ல. எர்ணாவூர்ல எங்க சித்தி வீடு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எண்ணூர்க் கழிமுகத்துல எண்ணெய் கலந்து, வெள்ளத்தோட சேர்ந்து வீடுகளுக்குள்ள வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சுவத்துல கருப்பா ஒரு கோடு, அது வரைக்கும் தண்ணி நின்ன அடையாளம். சித்தி பையன் அப்போ எட்டாவது. அவனோட கியூப் கட்டிலுக்கு அடியில ஸ்கூல் பையில இருந்திருக்கு. ரெண்டு நாள் அந்தத் தண்ணியிலயே. ஜனவரியில ஒரு போட்டிக்குப் பேர் குடுத்திருந்தான். மெத்தை போச்சு, மிக்ஸி போச்சு, நோட்டு புத்தகம் போச்சு. அந்த நேரத்துல சித்திகிட்டப் போய் கியூப் வேணும்னு எந்தப் பிள்ளை கேக்கும்? பாலித்தீன் கவர்ல போட்டு எங்கிட்ட எடுத்துட்டு வந்தான். "அக்கா, இது இனிமே ஓடுமா?"

பிரிச்சோம். துண்டுங்க மேல பிசுபிசுன்னு கருப்புப் படலம். பாத்திரம் கழுவுற லிக்விட், வெதுவெதுப்பான தண்ணி, பழைய டூத் பிரஷ். மூணு முறை தண்ணி மாத்தினோம். கடைசி முறை மட்டும் கேன் தண்ணி. அந்தப் பக்கம் போர் தண்ணி உப்பு, அதுல அலசினா காய்ஞ்சதும் வெள்ளைப் படிவு திரும்ப வந்துடும். இருபது துண்டும் தப்பிச்சுது. காந்தத்துல ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும் ஓரமா பழுப்பு. கோர் தப்பிக்கல. ஸ்க்ரூவைத் திருகும்போதே ரெண்டு கால்ல விரிசல் ஓடுறது தெரிஞ்சுது. நான் மேல சொன்ன அதே இடம், ஸ்க்ரூ பிடிச்சிருக்கிற இடம். அவன் ஃபிரெண்டுகிட்ட அதே மாடல்ல ஒரு கார்னர் தொலைஞ்சுபோன கியூப் இருந்துச்சு. அதோட கோரை எடுத்து மாட்டினோம். கோர் மாடலுக்கு மாடல் வேற. அதே மாடல் கிடைச்சது அவன் அதிர்ஷ்டம். அந்த கியூபோடதான் போட்டிக்குப் போனான்.

இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, அங்க செஞ்ச அதே வேலையைத்தான் நீங்க சாதாரண அழுக்கு கியூபுக்கும் செய்யப் போறீங்க. வரிசையா சொல்றேன், வேணும்னா நிறுத்திட்டுப் பண்ணுங்க.

கியூபை சால்வ் பண்ணி ஒரு போட்டோ எடுத்துக்குங்க. சென்டர் மூடியை நகத்தால நெம்பி எடுத்து, ஒரே ஒரு பக்கத்து ஸ்க்ரூவை நாலஞ்சு சுத்து தளர்த்துங்க. எத்தனை சுத்துன்னு எண்ணிக்குங்க, திரும்ப அதே அளவு இறுக்கணும். (சில விலை அதிகமான மாடல்ல ஸ்க்ரூவுக்குப் பதிலா கூட வர்ற டூல் இருக்கும், அதுல நம்பர் போட்டிருக்கும்.) அந்தப் பக்கத்தை 45 டிகிரி திருப்பி, ஒரு எட்ஜை அடியில இருந்து கட்டைவிரலால மெதுவா நெம்பினா வந்துடும். முதல் துண்டு வந்தா மத்தது தானா வரும். பசங்க முன்னாடி இதைச் செஞ்சா செம கெத்து.

காந்தம் உள்ள துண்டை ஊற வைக்காதீங்க. சோப்புத் தண்ணியில பிரஷ் போட்டு, அலசி, உடனே துணியால ஒத்தி எடுங்க. தண்ணியால பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாது. சென்னைக்காரர் இளையராம் சேகர் 2021-ல தண்ணிக்குள்ள ஒரே மூச்சுல 6 கியூப் சால்வ் பண்ணி கின்னஸ்ல இடம் பிடிச்சார். தண்ணி கெடுக்கிறது ஸ்க்ரூ, ஸ்பிரிங், காந்தம் மூணையும்தான். அதனால கோரைக் கழுவவே வேணாம், காட்டன் பட்ஸால துடைங்க. துண்டுங்களை ஃபேன் காத்துல ஒரு ராத்திரி முழுக்க விடுங்க. மொட்டை மாடி வெயில் வேணாம், ஹேர் டிரையர் வேணவே வேணாம்.

திரும்ப மாட்டும்போது போட்டோவைப் பாத்து சால்வ் ஆன நிலையிலயே மாட்டுங்க. இஷ்டத்துக்கு மாட்டினா 12-ல 1 வாய்ப்புதான் அந்த கியூப் சால்வ் ஆகும். மத்த 11 தடவையும் நீங்க மண்டையை உடைச்சுக்க வேண்டியதுதான். வீட்டுக்கு வந்த சித்தப்பா கழட்டி மாட்டின கியூப் ஏன் என்ன பண்ணினாலும் முடியலங்கிறதுக்கு இதான் காரணம்.

இப்போ ஓட்டிப் பாருங்க. பத்துல ஆறு ஏழு கியூப் இங்கயே சரியாயிடும்னு என் கை சொல்லுது. எண்ணெயே போடல, கவனிச்சீங்களா?

இதுக்கு அப்புறம்தான் லூப். கியூபுக்குன்னு விக்கிறதுல ரெண்டு ஜாதி. ஒண்ணு சிலிக்கோன் எண்ணெய். இன்னொண்ணு தண்ணி அடிப்படையிலானது. தண்ணி ஜாதி போட்ட உடனே கியூப் பறக்கும், ஆனா சில நாள்ல மங்கிடும். போட்டிக்கு முன்னாடி போடுறதுக்கு நல்லது. சிலிக்கோன் ஆரம்பத்துல மந்தமா இருக்கும், கொஞ்சம் ஓட்டினப்புறம் பதமாகும், ரொம்ப நாள் நிக்கும். ரிமோட் கார் ஓட்டுறவங்க பயன்படுத்துற டிஃபரென்ஷியல் ஆயிலும் சுத்தமான சிலிக்கோன்தான். கியூப் லூப்னு தனியா பாட்டில் வர்றதுக்கு முன்னாடி பல பேர் அதைத்தான் போட்டாங்க. அதுல 30,000, 50,000னு நம்பர் இருக்கும். அது கெட்டித்தன்மை, சென்டிஸ்டோக்ங்கிற அளவுல. தண்ணி அந்த அளவுல 1. தேனே சில ஆயிரம்தான். அப்போ 50,000 எவ்வளவு கெட்டின்னு யோசிச்சுக்குங்க. அதைத் துண்டு மேல எல்லாம் ஊத்தினா கியூப் களியில மாட்டின மாதிரி ஆயிடும். சிலிக்கோனுக்கு நம்ம ஊர்ல ஒரு பெரிய பிளஸ்: சூடு ஏறினா மத்த எண்ணெய் இளகிற அளவுக்கு இது இளகாது. மே மாசமும் மார்கழியும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும்.

என் வழக்கம் இது. கெட்டி சிலிக்கோனை ஸ்க்ரூ, ஸ்பிரிங், சென்டர் உக்காருற தண்டு, இங்க மட்டும் மெல்லிசா ஒரு பூச்சு. ஸ்பிரிங் கிரீச்சுன்னு கத்துறது அடங்கும். நமக்கு அதை விட முக்கியம், உப்புக்காத்து நேரா உலோகத்துல படாது. துண்டுங்களுக்கு லைட்டான லூப், கடுகு அளவுல மொத்தம் மூணு சொட்டு. போட்டுட்டு நூறு தடவையாவது சும்மா திருப்புங்க, எல்லா இடத்துக்கும் பரவட்டும். "பத்தலையே"ன்னு தோணும். அடுத்த நாள் வரைக்கும் பொறுங்க. ஜாஸ்தியா போட்டுட்டா எடுக்க ஒரே வழி திரும்பப் பிரிச்சுக் கழுவுறதுதான்.

டென்ஷன் பத்தி சுருக்கமா. ஸ்க்ரூ இறுக்கமா இருந்தா விரல் வலிக்கும், லேசா கோணலா திருப்பினாலும் முட்டும். தளர்வா இருந்தா கார்னர் தானா முறுக்கிக்கும், துண்டு தெறிக்கும். போட்டியில தெறிச்சா டைமர் நிக்காது, பொறுக்கி மாட்டிட்டுத் தொடரலாம், இல்லன்னா அந்த முயற்சியை விட்டுடணும். முடிக்கும்போது ஒரு பக்கம் 45 டிகிரிக்கு மேல விலகி நின்னா 2 செகண்ட் அபராதம். அஞ்சு முயற்சியில நல்லதையும் மோசமானதையும் தள்ளிட்டு மிச்ச மூணோட சராசரிதான் கணக்கு. ஒரு சொதப்பலைத் தாங்கலாம், ரெண்டாவதைத் தாங்க முடியாது. அதனால ஆறு ஸ்க்ரூவும் ஒரே அளவுல இருக்கணும். கால் சுத்து மாத்துங்க, ஓட்டிப் பாருங்க, திரும்பக் கால் சுத்து. உள்ள லூப் போடுறது, ஸ்க்ரூ திருகுறது எதுவும் டபிள்யூசிஏ விதிப்படி தப்பில்ல. துண்டை அடையாளம் காட்டுற மாதிரி எதையும் குறிச்சு வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், கியூபை எங்க வைக்கிறீங்க? பாதிப் பேர் ஜன்னல் மேடையிலதான்னு எனக்குத் தெரியும். நேரா கடல்காத்து, நேரா வெயில். மூடி இறுக்கமா இருக்கிற ஒரு டிபன் டப்பா போதும். புது ஷூ பெட்டியில வருமே, "சாப்பிடாதே"ன்னு எழுதின சின்ன சிலிக்கா ஜெல் பாக்கெட், அதுல ஒண்ணைப் போட்டு வைங்க. மெரினாவுக்கோ காசிமேடு பீச்சுக்கோ கியூபைக் கொண்டுபோய் ஓட்டுறவங்க வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால வெளியத் துடைச்சிடுங்க. விளையாடுறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. பஜ்ஜி சாப்பிட்ட கையோட எங்கிட்ட கியூப் கேக்குறவங்களுக்கு நான் குடுக்கிறதே இல்ல.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவணும்? தினம் ஒரு மணி நேரம் ஓட்டுறவங்களுக்கு, நம்ம பக்கத்துல, ரெண்டு மாசம்னு நான் சொல்வேன். அண்ணா நகர்ல இருக்கிற என் ஃபிரெண்டு ஆறு மாசம் ஆனாலும் தொடுறதில்ல, அவ கியூப் நல்லாத்தான் இருக்கு. அவ வீட்டு வாசல்ல கன்டெய்னர் லாரி நிக்கிறதில்ல.

கடைசியா ஒரு கேள்வி, திருவொற்றியூர்ல இருந்து ஒரு தங்கச்சி: "செகண்ட் ஹேண்ட்ல கியூப் வாங்கலாமா?" தாராளமா. ஆனா காசு குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சென்டர் மூடியைத் திறந்து காட்டச் சொல்லு. ஸ்க்ரூ தலையில துரு இருந்தா பரவாயில்ல, அதை மாத்திக்கலாம். தேங்காய் எண்ணெய் வாசம் வந்தா வச்சுட்டு வந்துடு.